நூல் தொடாத நாள்

கிழிந்த பாயைத் தோணியின் தளத்தில் விரித்துப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஊசியும் மெழுகு பூசிய நூலும் இருந்தன. கடலில் ஒரு சுருக்கம்கூட இல்லை, காற்று அடியோடு நின்றிருந்தது. பாய் தைக்க அதைவிட நல்ல பொழுது கிடைக்காது. தைக்க வேண்டிய என் மாமாவோ கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மாமா ஆரணியில் பட்டு நெய்தவர். எழுபதுகளின் கடைசியில் நூல் கிடைக்காமல் தறிகள் நின்றபோது, பிழைப்புத் தேடி என்னையும் இழுத்துக்கொண்டு தூத்துக்குடிக்குப் போனார். மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகும் பாய்மரத் தோணியில் அவருக்குப் பாய் தைக்கும் வேலை, எனக்குச் சமையல். வந்தவாசி பஸ்ஸில் ஏறினாலே வாந்தி எடுக்கிற குடும்பம் எங்களுடையது. நான் தின்றதைவிடக் கடலுக்குக் கொடுத்ததே அதிகம். தோணித் தலைவரைத் தண்டல் என்பார்கள். எங்கள் தண்டல் ஒருவர்தான் என்னைப் பார்த்துச் சிரிக்காமல் எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் கையில் கொடுத்தவர். கரையில் அவருக்கு மனைவியும் ஒரு சின்னப் பெண்ணும் இருந்தார்கள்.

"இன்னிக்கு அமாவாசைங்க. எங்க ஊர்ல யாரும் நூலத் தொட மாட்டோம். வெடிஞ்சதும் ஜல்தியா தச்சுக் குடுத்துடறேங்க" என்றார் மாமா.

எங்கள் தெருவில் அமாவாசையன்று தறிச் சத்தமே கேட்காது. அன்று நெய்பவர் கால் மிதிக்கும் தறிக்குழியில் இறங்கினால் ஓர் உயிர் போகும் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. தானே தைக்கிறேன் என்று ஊசியை எடுத்த ஓர் ஆளைத் தண்டல் கையமர்த்தினார்.

"இருக்கட்டும்லே. பெரிய வெள்ளிக்கிழம அன்னைக்கு நான் தோணி எடுப்பனா? அவருக்கும் அப்படித்தான். நாளைக்குத் தச்சுக்கிடுவோம்."

சொல்லிவிட்டு ஊசியை வாங்கி நூலோடு சேர்த்து எடுத்து வைத்தார். மத்தியானம் தண்ணீர் எண்ணெய்போலக் கனத்து, சாம்பல் நிறமாயிற்று. தோணி ஒரே இடத்தில் நிற்கிறது என்றுதான் நினைத்திருந்தோம். அடியில் நீரோட்டம் எங்களை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. பொழுது சாயும் நேரத்தில் ஓர் இரைச்சல் கேட்டது. எதிரே, பவளப்பாறையின் மேல் அலை உடைந்து வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருந்தது. அதே சமயம் காற்றும் வந்து அறைந்தது.

பாயை ஏற்றாவிட்டால் பாறையில் மோதிச் சாக வேண்டியதுதான். கிழிசலோடு ஏற்றினோம். தோணி திரும்பியது. பாறையைத் தாண்டும்போது கிழிசல் மேலிருந்து கீழ்வரை பிளந்தது. அறுந்து வீசிய கயிறு தண்டலை அப்படியே வாரிக் கடலில் எறிந்தது. மாமா அவர் பெயரைச் சொல்லிக் கத்தினார். ஒரு முறை அவர் தலை தெரிந்தது. தோணியை அவர் பக்கம் திருப்ப எங்களிடம் பாய் இல்லை.

விடிந்ததும் மாமா தைத்துக் கொடுத்த பாயில் கரை சேர்ந்து, அத்தோடு ஊர் திரும்பிவிட்டோம். தறிகளுக்கு நூல் மறுபடி வரத் தொடங்கியிருந்தது. அடுத்த அமாவாசையன்று, தெரு முழுக்க அடங்கிக் கிடந்தபோது, மாமா வீட்டில் தறிச் சத்தம் கேட்டது.

"இன்னாய்யா, அமாவாசையும் அதுவுமா தறியடிச்சிகினு கீற? தெருவுக்கே ஆவாது" என்று பெரியவர்கள் வந்து சத்தம் போட்டார்கள்.

"தொடாம இருந்தேன். அதுக்கும் உயிர் போச்சு" என்றார் மாமா. தறியை நிறுத்தவில்லை.

மூலையில் சும்மா கிடந்த இரண்டாவது தறியில் அமாவாசைக்கு மட்டும் உட்கார்ந்து, ஒரு கூறைப்புடவையை வருஷக்கணக்கில் நெய்தார். எண்பதுகளின் கடைசியில் தண்டலின் பெண்ணுக்குக் கல்யாணம் என்று கேள்விப்பட்டு, என்னிடம் கொடுத்தனுப்பினார். தண்டலின் மனைவி மடிப்பைப் பிரிக்கவே இல்லை. "அன்னைக்குப் பாய் தைக்காதவரு நெய்ஞ்சது எம்மவ ஒடம்புல வேண்டாம்யா" என்று திருப்பித் தந்துவிட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தேவலாம்போல் இருந்திருக்கும்.

மாமா புடவையை வாங்கிப் பெட்டியில் வைத்தார். அந்தம்மா என்ன சொன்னார் என்று என்னைக் கேட்கவுமில்லை. இப்போது ஆரணியில் அமாவாசைக்கும் விசைத்தறிகள் ஓடுகின்றன, யாருக்கும் பயமில்லை. எனக்கு மட்டும் அந்தச் சத்தத்தில் இன்றும் மாமாவின் தறிதான் கேட்கிறது. புடவை திரும்பி வந்த அடுத்த அமாவாசையன்றே மாமா, வாங்கிக்கொள்ள ஆளில்லாத இன்னொரு புடவைக்குத் தறியில் பாவு நூல் ஏற்றிவிட்டுத் தறிக்குழிக்குள் இறங்கிவிட்டார்.