ஐந்து மணிக்குள் தம்பானூர்

ஞாயிறு காலை ஏழரைக்குத் தம்பானூர் பேருந்து நிலையத்தில் பொன்முடி மலைக்குப் போகும் பேருந்து ஏறினோம்: என் கட்சிக்காரர் ஜெபின், அவருடைய எட்டு வயது மகள் மிலி, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட துணையாக நான். மெல்பர்னிலிருந்து மிலியைச் சொல்லாமல் கொள்ளாமல் இங்கே கூட்டி வந்தவள் அவள் அம்மா ஷைனி. அதன் பிறகு மகளோடு இருக்க ஜெபினுக்குக் குடும்ப நீதிமன்றம் கொடுத்த முதல் பகல் இது. ஷைனி கேட்டு வாங்கிய நிபந்தனைகள் இரண்டு: தனி வண்டி கூடாது, மாலை ஐந்துக்குள் தம்பானூரில் பிள்ளை அவள் கையில் இருக்க வேண்டும். ஒன்று தவறினாலும் அடுத்த சந்திப்பு கிடையாது. தான் செய்ததையே இவனும் செய்துவிடுவான் என்ற பயம் அவளுக்கு. இப்படிப்பட்ட வழக்குகளை நடத்தியே தலை நரைத்தவள் நான். அந்தப் பயத்தைக் குறை சொல்லமாட்டேன்.

அறுபது கிலோமீட்டர். விதுராவுக்கு அப்பால் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் மிலி வேண்டுமென்றே அப்பா மேல் சாய்ந்து சிரித்தாள். மேலே தேயிலைச் சரிவு தெரியாதபடி மூடுபனி. கடையில் அவள் பழம்பொரி தின்பதையே பார்த்துக்கொண்டு ஜெபின் தன் சாயாவை ஆறவிட்டார்.

மதியம் இரண்டரைக்குத் திரும்பும் பேருந்தில் கால் வைக்க இடமில்லை. அடுத்தது நாலு மணிக்கு. அதில் ஏறினால் ஐந்துக்குள் போய்ச் சேர முடியாது.

"வக்கீலம்மே, பேடிக்கண்டா. அஞ்சு மணிக்கு முன்ன தம்பானூர்ல விட்டுத் தராம்," என்று தைரியம் சொன்னார் ஒரு ஜீப்காரர்.

"ஏறிருவோம்மா," என்றார் ஜெபின். "நேரத்துக்குப் போய்ட்டா வண்டியையா கேக்கப் போறா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இதே நெனப்புலதான் அவளும் பிளேன் ஏறுனா. போன் போட்டுக் கேளுங்க."

பிரிந்ததிலிருந்து இருவரும் வக்கீல்கள் வழியாகத்தான் பேசிக்கொள்கிறார்கள். தயங்கித் தயங்கி அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டார்.

"ஷைனி, பஸ்ஸில ஏற முடியல. ஜீப்பில கொண்டு வரட்டா, அடுத்த பஸ்ஸுக்கு நிக்கட்டா? நீ சொல்லதுபோல செய்யுதேன்."

மிலி அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஜீப்பில வா," என்றாள் ஷைனி. "பிள்ளைக்கு வாந்தி வரும், மெதுவா ஓட்டச் சொல்லு. அஞ்சு தாண்டினாலும் சாரமில்ல, பரவாயில்ல."

ஐந்தே காலுக்குத் தம்பானூர். காத்திருந்த ஷைனி மகளை வாரி அணைத்துக்கொண்டாள். தலைகுனிந்து திரும்பி நடந்த ஜெபினை அவளே கூப்பிட்டாள்.

"அடுத்த வருஷம் இவ எந்த ஊர்ல படிக்கணும்னு பேசணும். நானா முடிவெடுக்க மாட்டேன்."

ஊர் திரும்ப நாகர்கோவில் ரயிலில் எனக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. வழக்கு இன்னும் முடியவில்லை. முடிந்துவிடும். அடுத்த விசாரணைக்கு அவர்கள் இருவரையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைக்கப் போகிறேன்.