மலையூருக்கு ஒரு குள்ளன் தேவைப்பட்டபோது

இரண்டு வருடங்களுக்கு முந்தைய ஜூன் மாதம். இத்தாலியில், உம்பிரியா என்ற பகுதியில், ஒரு மலையுச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னஞ்சிறு ஊரில் நடந்தது இது. அப்போது நான் பாரிஸில் பழைய கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றி மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். அங்கே தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பலில், கீழே நகைக்கடையும் மேலே நாங்களுமாக ஓர் அறை. 'நாங்கள்' என்றால் நானும், அறையைப் பகிர்ந்துகொண்ட யாழ்ப்பாணத்து அண்ணனும். அங்கே எல்லோரையும்போல நானும் அவரை 'அண்ணை' என்றுதான் கூப்பிடுவேன். அதே தெருவில் கைபேசி பழுதுபார்க்கும் கடையில் அவருக்கு வேலை. ஆறடிக்கு மேல் உயரம். நானோ, மெட்ரோவில் மேல்கம்பி எட்டாமல், பக்கத்தில் நிற்பவரின் தோள்பையை நம்பிப் பயணம் செய்கிறவன்.

படிப்பின் ஒரு பகுதியாக ஆறு வாரம் அந்த மலையூரில் தங்கி, பழைய மதில்களை அளந்து, விரிசல்களை வரைந்து தர வேண்டும். நான் கும்பகோணம் பக்கத்துக்காரன். எங்கள் பக்கம் மேடு என்றால் வாய்க்கால் கரைதான். பேருந்து அடிவாரத்தில் இறக்கிவிட்டதும் அண்ணாந்து பார்த்தேன். கீழே ஆலிவ் தோப்பு, திராட்சைக் கொடி, கோதுமை வயல். அதற்கு மேலே கல்வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நின்றன. அழகைப் பார்த்து நான் வாய் பிளந்ததாக வகுப்புத் தோழர்கள் நினைத்தார்கள். மூச்சு வாங்கத்தான் பிளந்தேன். ஏறவே ஆரம்பிக்கவில்லை, பார்த்ததற்கே அந்த நிலை.

அளவுநாடாவோடு திரியும் எங்களை ஊர்க்காரர்கள் புறாக்களைப் போல நடத்தினார்கள். விரட்டவும் இல்லை, அருகில் அழைக்கவும் இல்லை. எங்களோடு பேசியது ஒரே ஒருவர்தான். நாங்கள் தங்கியிருந்த வீட்டின் சொந்தக்காரி, கீழே ரொட்டி அடுமனை நடத்துபவர். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கொஞ்சம் பிரெஞ்சு தெரியும். தெரியாத இடத்தைக் கையாலேயே பேசி நிரப்பிவிடுவார்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்களுடைய புனிதரின் மரச்சிலையைப் பல்லக்கில் வைத்து, கீழ்வாசலிலிருந்து உச்சியிலுள்ள தேவாலயம்வரை எட்டுப் பேர் தோளில் சுமந்து போவார்கள். வழி முழுக்கப் பூவிதழ்களைத் தூவியிருப்பார்கள். சுமப்பவர்களுக்கு ஒரு தலைவர் உண்டு. அந்த வருடம் ஊர் வரலாற்றிலேயே முதல்முறையாக ஒரு பெண்ணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். எங்கள் அடுமனைக்காரிதான் அது. அதுவரை தலைவராக இருந்தவர் அவருடைய கணவரின் அண்ணன். அந்த மனிதருக்கு அதில் ஏகப்பட்ட மனத்தாங்கல். ஆள் குறைந்தாலோ, வழியில் பல்லக்கு தரையைத் தொட்டாலோ புனிதரை டிராக்டரில்தான் ஏற்ற வேண்டும் என்பது விதி. மைத்துனர் முன்கூட்டியே தன் டிராக்டரைக் கழுவி, பூக்கூடக் கட்டிவைத்துவிட்டார்.

என் பயிற்சியின் கடைசிச் சனிக்கிழமை அண்ணை பாரிஸிலிருந்து வந்து சேர்ந்தார். பல வருடங்களில் அவர் எடுத்த முதல் விடுமுறை. ஒரு பை நிறையப் பருத்தித்துறை வடையும் மோர்மிளகாயும். அவருடைய யாழ்ப்பாணத்திலும் மலை என்று ஒன்றும் கிடையாது. பாதி ஏற்றத்தில் ஒரு வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, இஞ்சை ஆரடா ஊர் கட்டினது? மனிசரே, ஆடுகளே?"

அவரை ஒருவழியாக மேலே கொண்டுவந்து சேர்த்தபோது, அடுமனைக்காரி சமையலறை மேசையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்வரிசையில் சுமக்க வேண்டியவர் செர்ரி மரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டாராம். இளைஞர்களெல்லாம் ரோமுக்கும் மிலானுக்கும் வேலைக்குப் போய்விட்ட ஊர் அது. தூக்கத் தெம்புள்ளவர்கள் மிச்சம் ஏழே பேர். தன் முதல் வருடத்திலேயே புனிதர் டிராக்டரில் போனால், இனி எந்தப் பெண்ணையும் இந்த ஊர் தலைவராக்காது என்றார்.

அந்த அம்மாவின் அரைகுறைப் பிரெஞ்சும் கைப்பேச்சும் பழகிப்போன எனக்குத்தான் புரியும். நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அண்ணை எழுந்துவிட்டார். "நான் லா சப்பல்லை ஒவ்வொரு வருசமும் தேர் வடம் பிடிக்கிறவன் எண்டு இவவுக்குச் சொல்லு."

சொன்னேன். அந்த அம்மா அண்ணையைக் கதவோரம் நிறுத்தித் தோளைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார். ஏற்றத்தில் போகும்போது பல்லக்கு சமமாக இருக்க வேண்டுமானால் முன்னால் குட்டையானவர்களும் பின்னால் நெட்டையானவர்களும் நிற்க வேண்டும். காலொடிந்தவர்தான் ஊரிலேயே மிகக் குட்டையாம். அதாவது, என் வருகைக்கு முன்புவரை. என்னைக் கதவில் சாய்த்துப் பார்த்த அந்த அம்மாவின் முகம் மலர்ந்ததே, என் உயரத்தைப் பார்த்து ஒரு பெண் அப்படி மகிழ்ந்தது அதுதான் முதல்முறை.

அண்ணைக்குத்தான் தாங்கவில்லை. "உயரமாப் பிறந்தது என்ர பிழையே?" என்று வடையைக் கடித்துக்கொண்டு ஒதுங்கிவிட்டார்.

மறுநாள் காலை லேசான தூறல். கீழ்வாசலில் ஊரே திரண்டிருந்தது. எட்டுப் பேரும் வெள்ளைச் சட்டை, சிவப்பு இடுப்புத்துணி, காலில் பளபளக்கும் தோல்சப்பாத்து. பல்லக்கைக் கண்டதும் எனக்குள் இருந்த கும்பகோணத்தான் விழித்துக்கொண்டான். சுவாமி தூக்கப்போகிறோம் என்றால் கை தானாக என்ன செய்யும்? சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தேன். சட்டையைக் கழற்றினேன். இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தொந்தியும் நானுமாக நிமிர்ந்தபோது ஊர் மொத்தமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

கூட்டத்திலிருந்து அண்ணையின் குரல் நிதானமாக வந்தது. "தம்பி, சேட்டைப் போடு. இஞ்சை அது வழக்கமில்லைப் போலக் கிடக்கு. ஃபாதர் பாக்கிற பார்வை சரியில்லை."

அவசரமாகச் சட்டையை மாட்டினேன். ஊரே சிரித்தது, மைத்துனர் டிராக்டரின் மேலிருந்து எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அதற்குள் மணி அடித்துவிட்டது. சப்பாத்து வைத்த இடத்திலேயே கிடக்க, வெறுங்காலோடு தோளைக் கொடுத்தேன்.

முதல் இரண்டு தெருக்களும் நன்றாகவே போயின. கஷ்டம் தேவாலயத்துக்கு முந்தைய திருப்பத்தில் காத்திருந்தது. அங்கே தெரு செங்குத்தாக நிமிரும். காலம்காலமாக நடந்து வழவழப்பான கற்கள், அவற்றின் மேல் நனைந்த பூவிதழ்கள். என் பக்கத்திலிருந்தவருடைய சப்பாத்து வழுக்கியது. பின்னால் இன்னொருவர் வழுக்கினார். பல்லக்கு ஒரு பக்கம் சாய, புனிதர் என்னை எட்டிப் பார்த்தார். கூட்டம் அலறியது. எப்படியோ தாங்கி நிறுத்தினோம். ஆனால் ஓர் அடிகூட முன்னே வைக்க முடியவில்லை. கீழே டிராக்டர் உறுமிக்கொண்டு கிளம்பும் சத்தம் கேட்டது. தலைவியின் முகம் வெளுத்துவிட்டது. இறக்கி வைத்தால் எல்லாம் முடிந்தது.

அப்போது அண்ணை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து குனிந்து என் காலைப் பார்த்தார். அது கல்லைப் பல்லியாகப் பற்றிக்கொண்டு நின்றது.

"உன்ர கால் வழுக்கேல்லையடா. மற்றாக்களின்ர சப்பாத்தையும் கழட்டோணும் எண்டு அவவுக்குச் சொல்லு."

நான் சொல்ல வாயெடுப்பதற்குள் தலைவியும் என் காலைப் பார்த்துவிட்டார். நனைந்த கல்லில் அப்படியே மண்டியிட்டு, சுமந்து நிற்கும் ஒருவரின் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தார். ஆள் ஒற்றைக்காலைத் தூக்க, மற்ற நாங்கள் பாரத்தை வாங்கிக்கொண்டோம். மறுபக்கம் அண்ணை உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தார். சப்பாத்துகளும் காலுறைகளும் ஒவ்வொன்றாகத் தெருவோரம் பறந்தன.

எல்லோருடைய காலும் கல்லைத் தொட்டதும் அண்ணை எழுந்து நின்றார். சுமக்கக் கிடைக்காத ஏக்கத்தையெல்லாம் தொண்டையில் திரட்டி, அந்த இத்தாலியத் தெரு அதிர ஒரே குரல் கொடுத்தார்.

"அரோகரா!"

பல்லக்கு நகர்ந்தது. அடுத்த அரோகராவுக்கு இரண்டு சிறுமிகள் சேர்ந்துகொண்டார்கள். அதற்கடுத்ததை ஊரே சொன்னது. அர்த்தம் யாருக்கும் தெரியாது. ஏறுவதற்கு அது உதவுகிறது என்பது மட்டும் எல்லோருக்கும் புரிந்தது. பாதிரியார்கூட உதட்டை அசைத்ததாக அண்ணை இன்றும் சத்தியம் செய்கிறார். எட்டு ஜோடி வெறுங்கால்கள் அந்தத் திருப்பத்தை ஏறிக் கடந்தன. தேவாலய மணிகள் முழங்க, புனிதர் தோள்களின் மேலேயே நிமிர்ந்து உள்ளே போனார்.

இறக்கி வைத்ததும் தலைவி என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து, மாவு பிசைவதைப் போலப் பிசைந்துவிட்டார். வாசலுக்கு வந்தபோது அவருடைய மைத்துனர் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையிலும் தெருவில் பொறுக்கிய சப்பாத்துகள். தலைவியின் முன்னால் அவற்றை வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். அந்த அம்மா சிரித்தாரா, அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை; இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கிறவர் அவர். அன்று மதியம் எந்த வீட்டு வாசலைக் கடந்தாலும் எங்களை உள்ளே இழுத்துச் சாப்பிட வைத்தார்கள். நான்காவது வீட்டோடு நான் சரணடைந்தேன். அண்ணை ஆறாவது வீடுவரை போனார்.

சுற்றிப் பார்க்க வந்தவனாக நடந்த தெருவில், பாரத்தில் ஒரு பங்கைத் தோளில் வாங்கிக்கொண்ட பிறகுதான் அந்த ஊர் எனக்குக் கதவைத் திறந்தது. அதனால் இப்போதெல்லாம் புதிதாக எந்த ஊருக்குப் போனாலும், இங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பதை விட்டுவிட்டேன், தூக்க ஏதாவது இருக்கிறதா என்றுதான் கேட்கிறேன்.