லிஃப்ட் மெக்கானிக்கின் ஒன்பதாவது கேள்வி

இந்தப் பூமியில் விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்குகின்றன என்றால் அதற்குக் காரணம் விமானி இல்லை, ராணுவம் இல்லை, மோப்ப நாய் இல்லவே இல்லை. அத்தைதான். பதினாலு வருஷமாக, ஒரு நாளைக்குப் பத்துப் படிவம், படிவத்துக்குப் பதினொரு பாதுகாப்புக் கேள்வி என்று ஏறக்குறைய நாலரை லட்சம் தடவை ‘இல்லை’ சொல்லி உலகத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறாள். குண்டு வைத்தீர்களா? இல்லை. உளவு பார்த்தீர்களா? இல்லை. ஆள் கடத்தினீர்களா? இல்லை. அத்தை ஒரு நாள் தலைவலி என்று படுத்துவிட்டால் அன்றைக்கு உலகத்தில் பத்துப் பேர் சந்தேகத்தில் நிற்பார்கள்.

அத்தை என்றால், இதை எழுதுகிறவனுக்கு அப்பாவின் அக்கா. தெருவுக்கு ‘ஃபாரம் அக்கா’. மருந்துக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருத்தர் பின்வாங்க வேண்டிய அகலத்தில் ஒரு கடை. முன்பாதியில் போட்டோ எடுக்க வெள்ளைத் துணியும் ஸ்டூலும். பின்பாதியில் அத்தை, கம்ப்யூட்டர், தட்டினால் மட்டும் வேலை செய்கிற பிரிண்டர். வெளிநாடு போகிறவர்களுக்குப் பயண அனுமதிப் படிவம் நிரப்பிக் கொடுப்பது தொழில். கழுத்தில் பட்டை, கண்ணில் தடித்த கண்ணாடி, மேஜை ஓரத்தில் ஒரு கிண்ணம் தண்ணீரும் ஒரு துணித்துண்டும். நாலு படிவத்துக்கு ஒருமுறை அந்த ஈரத்துணியைக் கண்மேல் போட்டுக்கொண்டு பின்னால் சாய்வாள். அப்போது பார்த்தால், யாரோ வந்து எழுப்பி ‘நீங்கள் யார்’ என்று கேட்டால் அதற்கும் ‘இல்லை’ என்று சொல்லிவிடுவாள் போல இருக்கும்.

ஆரம்பத்தில் அத்தை எல்லாக் கேள்வியையும் சத்தமாகப் படித்துத்தான் பதில் கேட்டாள். வந்தது வினை. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவரிடம் “நீங்க தீவிரவாத இயக்கத்துல இருந்திருக்கீங்களா?” என்று கேட்டதற்கு, அவர் எழுந்து நின்று, “உங்க தம்பிக்கு நான்தான் பாடம் எடுத்தேன், இது தேவைதான் எனக்கு” என்று கத்திவிட்டுப் போனார். தொற்றுநோய்க் கேள்விக்கு ஒரு பெரியம்மா, “என் கொழுந்தன் பொண்டாட்டி வந்து சொல்லிட்டுப் போனாளா?” என்று அழுதாள். “அங்கே போய் யாருக்காவது தீங்கு செய்யும் எண்ணம் உண்டா?” என்றதற்கு மீன் கடைக்காரம்மா ரொம்ப நேரம் யோசித்தாள்.

“அங்க என் மருமக இருக்காளே. இப்பவே எப்படிச் சொல்ல முடியும்?”

இதெல்லாம் ஒருநாள் கேட்டால் சிரிப்பு. தினம் பத்து முறை கேட்டால் கழுத்துவலி. அத்தை படிப்பதையே விட்டுவிட்டாள். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் வரைக்கும்தான் கேள்வி. அதற்கப்புறம் டக், டக், டக் என்று பதினொரு தட்டு. எல்லாம் ‘இல்லை’. பதினோராவது கேள்வி, ‘இந்தப் படிவத்தை நிரப்ப யாராவது உதவினார்களா?’ என்பது. அதற்கும் ‘இல்லை’தான். கடைசியில் ‘மேற்கண்ட யாவும் உண்மை’ என்ற இடத்தில் மட்டும் ஒரு ‘ஆம்’.

அந்தத் திங்கட்கிழமை மதியம் வந்தவர் லிஃப்ட் மெக்கானிக். தெருமுனையில் இருக்கிற ஒன்பது மாடிக் கட்டடத்தில் வேலை. ஐம்பத்தேழு வயது, சுவர் மாதிரித் தோள். கூடவே மனைவி, இரண்டு முழங்காலிலும் பட்டை போட்டுக்கொண்டு. வெளிநாட்டில் இருக்கிற மகளுக்கு முதுகில் ஆபரேஷன். ஆறு வாரம் ஒரு தண்ணீர்க் குடம்கூடத் தூக்கக் கூடாது. வீட்டில் இரண்டு வயசுப் பையன். மருமகன் ஷிப்டு வேலை.

“நான் சமைச்சுப் போட்டுடுவேன் மேடம். ஆனா இந்த முட்டியை வச்சுக்கிட்டுப் புள்ளையத் தூக்க முடியாது. தூக்கறதுக்குத்தான் இவரைக் கூட்டிட்டுப் போறேன்” என்றாள் மனைவி.

“என்னை வேற எதுக்கும் கூப்பிட மாட்டா” என்றார் மெக்கானிக்.

சனிக்கிழமை விமானம். அத்தை இரண்டு படிவம் போட்டாள். இருபத்திரண்டு தட்டு. மறுநாள் சாயங்காலமே இரண்டு பேருக்கும் அனுமதி வந்துவிட்டது. அத்தை தாள் எடுத்துக் கொடுத்தாள், அவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அத்தை ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு சாய்ந்தாள்.

புதன்கிழமை மதியம் மெக்கானிக் தனியாக வந்தார். கையில் அதே தாள், ஓரமெல்லாம் கிரீஸ் விரல் தடம்.

“சாப்பாட்டு நேரத்துல மேல மெஷின் ரூம்ல உக்காந்து இதை முழுசாப் படிச்சேன் மேடம். ஃபோன்ல தமிழ்ல மாத்திப் படிச்சேன். ஒன்பதாவதுல தப்பு இருக்கு.”

அத்தை தாளை வாங்கவே இல்லை. “அனுமதி வந்துடுச்சுல்ல? வந்ததுக்கு அப்புறம் என்ன தப்பு?”

“எப்பவாவது கைது ஆகியிருக்கீங்களான்னு கேட்டிருக்கு. நீங்க ‘இல்லை’ன்னு போட்டிருக்கீங்க.”

அத்தை கண்ணாடியைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள்.

“ஆகியிருக்கீங்களா?”

“நாலு நாள் உள்ள இருந்தேன். இருபத்தெட்டு வருஷம் ஆச்சு.”

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமே!”

“நீங்க கேக்கலையே மேடம். கேட்டிருந்தாலும் அவ பக்கத்துல இருந்தா. அவளுக்குத் தெரியாது.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் பெரிய தொந்தரவு. அவள் கேட்கவில்லை. பல வருஷமாக யாரையும் கேட்கவில்லை.

“விட்டுடுங்க. யாரும் தோண்டிப் பார்க்க மாட்டாங்க. இப்போ இதைத் திருத்த முடியாது. ரத்து பண்ணிட்டுப் புதுசாப் போடணும். ‘ஆம்’னு போட்டா உடனே வராது, பரிசீலனைக்குப் போகும். சனிக்கிழமைக்குள்ள வருமான்னு கடவுளுக்கே தெரியாது.”

“அன்னிக்கே என் பத்து விரல் ரேகையையும் எடுத்து வச்சிருக்காங்க மேடம். அங்க இறங்கினதும் விரலை வைக்கச் சொல்வாங்களாம். பொய் சொல்லிட்டு வந்திருக்கான்னு தெரிஞ்சா என்னைத் திருப்பி அனுப்பட்டும், போறேன். ஆனா அங்கேயே நிரந்தரமாத் தங்கறதுக்கு என் பொண்ணு மனு எழுதிக் குடுத்திருக்கா. அப்பன் பொய்யன்னு அவ ஃபைல்ல ஏறிடும்.”

அத்தை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பழையதை ரத்து செய்தாள். புதுப் படிவத்தைத் திறந்து, எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம், முதல் கேள்வியைச் சத்தமாகப் படித்தாள்.

“நீங்க குண்டு, வெடிமருந்து செய்யப் பயிற்சி எடுத்திருக்கீங்களா?”

மெக்கானிக் கையைக் கட்டிக்கொண்டு யோசித்தார். “இல்லைங்க.”

“உளவு வேலை?”

“எட்டாவது மாடியில ஒரு கம்பெனி இருக்கு. யாரு யாரோட லிஃப்ட்ல போறாங்கன்னு தெரியும். ஆனா யார்கிட்டயும் சொன்னதில்ல.”

“அது உளவு இல்ல. ஆள் கடத்தல்?”

மெக்கானிக்கின் முகம் ஒரு மாதிரி ஆனது. “அதைத்தான் மேடம் அன்னிக்குக் கேஸ்ல எழுதினாங்க. ஆனா கடத்தினேன்னு சொல்ல முடியாதுங்க. அவர் நின்ன எடத்துலயேதான் நின்னாரு.”

கதை இதுதான். அப்போது வேறு கட்டடம். கூட வேலை பார்த்தவனுடைய கை லிஃப்ட் கம்பியில் மாட்டி இரண்டு விரல் நசுங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போக மேலாளரிடம் கம்பெனி காரைக் கேட்டார்கள். மீட்டிங் போகணும், கார் தர முடியாது என்று சொல்லிவிட்டு மேலாளர் லிஃப்டில் ஏறினார். இவர் மேலே ஓடிப் போய், நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவில் லிஃப்டை நிறுத்தினார். கார் சாவியைக் கதவு இடுக்கு வழியாக வெளியே போட்டால்தான் இறக்குவேன் என்றார். நாற்பது நிமிஷம் கழித்துச் சாவி விழுந்தது. கூட்டாளியின் ஒரு விரல் பிழைத்தது. இவரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. அஞ்சாம் நாள் மேலாளரே கேஸை வாபஸ் வாங்கினார். விஷயம் வெளியே தெரிந்தால் அவருக்குத்தான் அசிங்கம்.

“அப்ப என் பொண்ணு வயித்துல நாலு மாசம். இவ பயந்துடுவான்னு, வெளியூர் வேலைன்னு சொல்லிட்டேன். அப்புறம் சொல்றதுக்கு ஒரு நல்ல நாளே அமையல.”

ஒன்பதாவது கேள்விக்கு அத்தை ‘ஆம்’ தட்டினாள். உடனே ஒரு பெட்டி திறந்தது: விவரம் எழுதவும், இருநூற்றைம்பது எழுத்துக்கு மிகாமல். நசுங்கிய விரலை எழுதினால் சாவிக்கு இடமில்லை. சாவியை எழுதினால் வாபஸ் வாங்கியதற்கு இடமில்லை. எழுதி எழுதி அழித்தாள். வெளியே மூன்று பேர் காத்திருந்தார்கள். ஒருத்தர் உள்ளே எட்டிப் பார்த்து, “என்னக்கா, பதினொரு தட்டுல முடியறதுக்கு முக்கால் மணி நேரமா?” என்று கேட்டார். அத்தை திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் போட்டோ ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பதினோராவது கேள்வி வந்தது. அத்தை அதற்கும் ‘ஆம்’ போட்டு, உதவியவர் என்ற இடத்தில் தன் பெயரை முழுசாக எழுதினாள். அதுவரை எழுதாத பெயர்.

வியாழக்கிழமை திரையில் ‘பரிசீலனையில்’ என்றே இருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானமும் அதே. சாயங்காலம் மனைவி முழங்காலைத் தேய்த்துக்கொண்டே வந்துவிட்டாள், பின்னால் மெக்கானிக்.

“எனக்கு இருக்குது, இவருக்கு மட்டும் ஏன் இல்ல? வந்ததை ஏன் ரத்து பண்ணினீங்க? என்ன தப்பு பண்ணினீங்க மேடம்?”

“தப்பு என்னுதுதாம்மா. கேக்காம போட்டுட்டேன்” என்றாள் அத்தை.

“அவங்க மேல ஒண்ணும் இல்ல” என்றார் மெக்கானிக். வெள்ளைத் துணிக்கு முன்னால் நின்றுகொண்டு, போட்டோவுக்கு நிற்கிற மாதிரியே நேராகப் பார்த்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னார். முடித்ததும் மனைவி அவர் காலையே பார்த்தாள்.

“லாக்கப்ல இருந்தது போகட்டும். வந்து என்ன சொன்ன? வெளியூர்ல நின்னு நின்னு காலு வலிக்குதுன்ன. வயித்துப் புள்ளையோட ஒரு வாரம் உன் காலை அமுக்கி விட்டேன்!”

“வலிச்சதுதான்டி. அங்க உக்கார விடல.”

“பேசாத.”

அத்தை ஈரத்துணியை எடுத்து அந்த அம்மாவிடம் நீட்டினாள். அவள் அதை வாங்கி முகத்தைத் துடைக்காமல், கையிலேயே வைத்துப் பிழிந்துகொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அத்தை கடையைத் திறந்தாள். திரையைப் பார்த்தாள். ‘அனுமதிக்கப்பட்டது’ என்று பச்சையில் இருந்தது. பிரிண்டரை இரண்டு தட்டுத் தட்டித் தாளை உருவிக்கொண்டு, கழுத்துப் பட்டையோடு ஆட்டோவில் விமான நிலையத்துக்கு ஓடினாள். மெக்கானிக் உள்ளே போனார். அடுத்த நாளே பேரன் அந்தச் சுவர் மாதிரித் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்றான்.

இதுவரை எழுதியதை அத்தை கடையில் உட்கார்ந்து படித்தாள். படிவம் படிப்பது போல, வரிக்கு அடியில் விரல் வைத்து. நாலரை லட்சம் என்ற இடத்தில் விரல் நிற்கவில்லை. ஈரத்துணியைக் கிண்டல் செய்த இடத்திலும் நிற்கவில்லை. கடைசிப் பத்தியில் நின்றது.

“இது என்னடா?”

“என்ன?”

“சனிக்கிழமை அனுமதி வந்துச்சா? நான் ஆட்டோவுல ஓடினேனா?”

“கதைக்கு நல்லா இருக்குமேன்னு...”

“உனக்கு மனசு கேக்கல. அது தெரியுது.” அத்தை பேனாவைத் திறந்து நீட்டினாள். “அந்தம்மா தனியா ஏறிப் போச்சு. இவரு கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்துட்டு, நேரா வேலைக்குப் போனாரு. அனுமதி வந்தது பதினோரு நாள் கழிச்சு. அதுவரைக்கும் அந்த முட்டியை வச்சுக்கிட்டு அந்தம்மாதான் புள்ளையத் தூக்குச்சு. அடிச்சிட்டு, அதை எழுது.”