அத்தான் மிதித்த ஏழாவது சுற்று

என் அக்காவின் கணவருக்கு எங்கள் லிஃப்ட் கம்பெனியில் முக்கால் என்று பெயர். நான் அவரை அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். ஆனால் அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் நான்தான். இரண்டு பேரும் அங்கே மெக்கானிக்குகள். அவர் என்னைவிட ஒன்பது வயது மூத்தவர், வேலையில் புலி. எந்த லிஃப்ட் முனகினாலும் மெஷின் ரூம் வாசலில் நின்றபடியே காது கொடுத்துக் கேட்டு, பிரேக்கா பேரிங்கா என்று சொல்லிவிடுவார். ஊரார் வேலையில் ஒரு குறை வைக்க மாட்டார். சொந்தக் காரியம் என்று வந்தால்தான் முக்காலில் நின்றுவிடும்.

டிப்ளமோவில் கடைசி செமஸ்டரை மட்டும் எழுதவில்லை. படுக்கையறையில் மூன்று சுவருக்குப் பச்சை அடித்தார், நாலாவது இன்னும் பழைய மஞ்சளிலேயே இருக்கிறது. அக்காவுக்கு அவர் செய்து கொடுத்த அலமாரியில் நாலு கதவுக்கு மூன்று கதவுதான் உண்டு. நாலாவது இடத்தில் அக்கா ஒரு பழைய திரைச்சீலையைத் தொங்கவிட்டு, வருகிறவர்களிடம் "துணி எடுக்க இதுதாங்க வசதி" என்று சமாளிப்பாள். அவரைத் திட்டுகிற உரிமை தனக்கு மட்டும்தான் என்பது அவளுடைய எண்ணம்.

நாற்பத்துமூன்று வயதில் ஒரு நாள், லிஃப்ட் நின்றுபோன ஒரு பதினாலு மாடிக் கட்டடத்தில் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு படியேறினார். பத்தாவது மாடியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். அங்கே கிளினிக் வைத்திருந்த பல் டாக்டர் உள்ளே கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தார். சுவரில் அந்த டாக்டர் கழுத்தில் பதக்கத்தோடு, நனைந்த கோழி மாதிரி நிற்கிற படம் ஒன்று இருந்ததாம். என்ன ஏது என்று விசாரித்திருக்கிறார். நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நீச்சல், அப்புறம் நூற்றெண்பது கிலோமீட்டர் சைக்கிள், அதற்கும் மேலே நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் ஒரே நாளில், பதினேழு மணி நேரத்துக்குள். கேட்கிற நமக்கே கால் வலிக்கிறது. இவருக்கு ஆசை வந்துவிட்டது.

அன்று வீட்டுக்கு வந்து, "இத நான் முழுசா முடிக்கப் போறேன்" என்றார்.

"முதல்ல அலமாரிக் கதவ முடிங்க" என்றாள் அக்கா.

ஆனால் இந்த முறை மனிதர் விடவில்லை. பொது நீச்சல் குளத்தில் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே மிதவைப் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நீச்சல் கற்றார். யாரோ ஓட்டி ஓய்ந்த சைக்கிள் ஒன்றை வாங்கி, லிஃப்டுக்குப் போடுகிற சிரத்தையோடு அதற்கு எண்ணெய் போட்டார். மூன்று வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவரை வீட்டில் பார்க்க முடியவில்லை. அக்கா முதலில் சண்டை போட்டாள், பிறகு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள், பிறகு அவளே வாழைப்பழமும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துவைக்க ஆரம்பித்தாள். நான் மட்டும் கடைசிவரை கிண்டல் செய்துகொண்டிருந்தேன்.

மூன்றாவது வருடம் வலது முட்டி வீங்கியது. எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "இந்த ஒரு பந்தயம் ஓடிக்கங்க. அதுக்கப்புறம் இந்த முட்டி நடக்கிறதுக்கு மட்டும்தான்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். அன்றைக்குத்தான் எனக்குக் கிண்டல் நின்றது. இந்த மனிதருக்கு ஒன்றை முழுதாக முடிக்க ஒரே ஒரு வாய்ப்பு இருக்கிறது, அதற்கு மேல் கிடையாது என்பது மண்டையில் ஏறியது. "அத்தான், சைக்கிள் சுத்த நான் எண்ணிக்கிறேன். நீங்க மிதிக்கிற வேலைய மட்டும் பாருங்க" என்றேன். யாரும் கேட்காமல் நானாகப் போய்த் தலையைக் கொடுத்தேன்.

சைக்கிள் பாதை முப்பது கிலோமீட்டர் வட்டம், ஆறு முறை சுற்ற வேண்டும். காலில் கட்டிய பட்டையை வைத்து நேரத்தைப் பதிவு செய்வார்கள், ஆனால் ஆறு முடிந்ததும் ஓட்டத்துக்கு மாற உள்ளே திரும்புவது ஓட்டுபவரின் பொறுப்பு என்று பந்தய விதியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அத்தான் சைக்கிளில் மீட்டர் வைத்துக்கொள்ளவில்லை. வேகத்தைப் பார்த்தால் மனசு தளர்ந்துவிடும் என்பார். அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் நான் ஓர் எண்ணைத் தூக்கிக் காட்டுவதாக ஏற்பாடு. கம்பெனி ஸ்டோரில் மாடி எண் போட்ட பழைய தகடுகள் கிடந்தன, ஒவ்வொரு மாடியிலும் லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் பதிப்போமே, அவைதான். ஜி, ஒன்று, இரண்டு என்று ஆறு வரைக்கும் ஏழு தகடு பொறுக்கி எடுத்துத் துடைத்து வைத்தோம். புறப்படும்போது ஜி காட்டுவேன், முதல் சுற்று முடிந்ததும் ஒன்று. ஆறைப் பார்த்தால் உள்ளே திரும்ப வேண்டியது.

அக்கா அந்த ஜி தகட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "இது எதுக்கு? ஒண்ணுலருந்து ஆரம்பிச்சா ஆகாதா?"

"கிரவுண்ட் இல்லாம எந்தக் கட்டடம்கா நிக்குது?" என்றேன். அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்னமோ போங்க. நாங்க மாத்திரைய ஒண்ணுலருந்துதான் எண்ணுறோம்" என்றாள். அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள்.

பந்தயத்தன்று காலை ஆறு மணிக்கு ஏரியில் இறங்கினார்கள். ஆயிரம் பேர் கையையும் காலையும் வீசிக்கொண்டு போனதில் யாருடைய உதையோ பட்டு அத்தானின் கைக்கடிகாரம் கழன்று தண்ணீருக்குள் போய்விட்டது. ஆனாலும் மூச்சோடு கரையேறினார். உடை மாற்றுகிற கூடாரத்தின் வாசலில் நின்று ஜி காட்டத்தான் திட்டம் போட்டிருந்தேன். வாசலில் நின்ற தடியன் அனுமதிச் சீட்டு இல்லாமல் விட மாட்டேன் என்றான். அவனோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, பாதையோரத்து ரவுண்டானாவுக்கு நடந்தேன். சைக்கிள்கள் வேறு சாலை வழியாகக் கிளம்பிப் போய், ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அந்த ரவுண்டானாவைக் கடக்கும்.

ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு அத்தான் வந்தார். அதாவது அவருடைய முதல் சுற்று முடிந்திருந்தது. நான் கையிலிருந்த தகடுகளில் மேலே இருந்ததைத் தூக்கிக் காட்டினேன். அது ஜி.

எத்தனை முறை யோசித்தாலும் வேறு காரணம் கிடைக்கவில்லை. பதினெட்டு வருடமாகக் காலையில் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் நான் கிரவுண்டிலிருந்துதான் எண்ணத் தொடங்குகிறேன். ஜி காட்டாமல் ஒன்றைக் காட்டக் கை வரவில்லை. அத்தானுக்கும் அது உறுத்தவில்லை. லிஃப்ட்காரன் கண்ணுக்கு ஜி தெரிந்தால் கிளம்பியாயிற்று என்று அர்த்தம். அந்த இடத்தில் ஒரு தையல்காரரோ பேருந்து ஓட்டுநரோ நின்றிருந்தால் இந்தத் தப்பு நடந்திருக்காது. அத்தான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். நான் ஒரு காகிதத்தில் ஜி என்று எழுதி, பக்கத்தில் நேரத்தையும் குறித்துக்கொண்டேன், பெரிய கணக்குப் பிள்ளை மாதிரி.

வெயில் ஏறியது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று காட்டிக்கொண்டே போனேன். மூன்றரை மணி நெருங்கும்போது ஐந்தைக் காட்டினேன். அத்தானின் உதடு வெடித்திருந்தது, சட்டையெல்லாம் உப்புக் கோடு. வேகத்தைக் குறைத்து என்னைப் பார்த்துக் கேட்டார்.

"மாப்ள, சரியா எண்ணுறியா? ரொம்ப நேரம் ஆன மாதிரி இருக்கே!"

"எல்லாம் சரிதான் அத்தான்! இன்னும் ஒண்ணே ஒண்ணு! மிதிங்க, மிதிங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவர் தலையாட்டிவிட்டுக் குனிந்து மிதித்தார்.

பத்து நிமிடம் கழித்து அக்கா போன் செய்தாள். ஓட்டத்துக்கான காலணியோடும் துண்டோடும் கூடாரத்துக்கு வெளியே அவள் காத்திருந்தாள்.

"எங்கடா அவரு?"

"இன்னும் ஒரு சுத்து இருக்குக்கா."

"என்னடா சொல்ற? தண்ணியிலருந்து இவருக்குப் பின்னாடி ஏறுனவங்க அஞ்சாறு பேரு உள்ள வந்து ஓடவே ஆரம்பிச்சிட்டாங்க."

"இருக்கா, வந்துருவாரு" என்று போனை வைத்துவிட்டுக் காகிதத்தைப் பார்த்தேன். ஜி, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. விரலை வைத்து எண்ணினேன். ஆறு வரி இருந்தது. அவர் ஆறு முறை என்னைக் கடந்து போயிருக்கிறார்.

பக்கத்தில் வாக்கிடாக்கியோடு நின்ற தொண்டர் பெண்ணிடம் ஓடினேன். விவரத்தைச் சொன்னதும் அவள் முகமும் மாறிவிட்டது. யார் யாரிடமோ பேசினாள். "அண்ணா, அவரு பாதையில இருக்கிற முதல் செக்போஸ்ட்டையும் தாண்டிட்டாராம். இனி பாதி வழியில நிறுத்தியும் பிரயோஜனம் இல்ல. எதிர்த்திசையில திரும்பி வந்தா அங்கேயே பந்தயத்துலருந்து தூக்கிருவாங்க, குறுக்கு வழியும் கிடையாது. முழுசாச் சுத்தித்தான் வரணும்." நாலரை மணிக்குச் சைக்கிள் வாசலை மூடிவிடுவார்கள் என்பது எனக்கே தெரியும். அவர் வந்து சேர நாலே முக்கால் ஆகும் என்பதும் தெரியும்.

அந்த ஒரு மணி நேரத்தைப் போல ஒன்று என் எதிரிக்கும் வேண்டாம். எங்கேயோ ஒரு மேட்டில் அந்த மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்துக்கொண்டிருக்கிறார், நான் சொன்ன ஒரு சொல்லுக்காக. எனக்கு என்மேல் வந்த கோபத்தில் தகடுகளைச் சாக்கடையில் வீசிவிட்டு ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது. ஓடவில்லை. நாலு நாற்பத்துமூன்றுக்கு அவர் தலை தெரிந்ததும் ஆறைத் தூக்கிக் காட்டினேன். வேறு என்ன செய்ய? அவர் முகமெல்லாம் சிரிப்பாக முஷ்டியை உயர்த்திக்கொண்டு போனார்.

பின்னாலேயே ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது மஞ்சள் சட்டை போட்ட அதிகாரி ஒருவர் அத்தானுக்கு முன்னால் மண்டியிட்டு, கணுக்காலில் இருந்த பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். "மன்னிச்சுக்கங்க சார். நேரம் தாண்டிடுச்சு. நீங்க ஏழு சுத்து போயிருக்கீங்க." அத்தான் எதுவும் புரியாமல் அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் கையில் இன்னும் தகடுகள் இருந்தன. நான் திருதிருவென்று முழித்தேன். வாயைத் திறக்க வேண்டிய நேரம் அதுதான்.

"ஏழா? எப்படிங்க ஏழு?" என்றாள் அக்கா.

"நான்தான் எண்ணாம விட்டுட்டேன்" என்றார் அத்தான். "இவன் சரியாத்தான் காட்டுனான். எனக்குத்தான் களைப்புல கண்ணுல படல."

அக்கா அழுதுகொண்டே அவரைத் திட்டினாள். மூன்று வருட ஞாயிற்றுக்கிழமையெல்லாம் அந்தத் திட்டில் இருந்தது. அவர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன், அவ்வளவுதான் என் வீரம்.

அப்புறம் கம்பெனியில் கேட்கவா வேண்டும். முக்கால் போய் ஏழு வந்தது. சூப்பர்வைசர் இதைச் சொல்லாத ஆள் பாக்கி இல்லை. அத்தானும் எல்லோரோடும் சேர்ந்து சிரிப்பார். எலும்பு டாக்டர் சொன்னபடி ஓட்டத்தை விட்டுவிட்டார். சைக்கிளை யாரோ வந்து வாங்கிப் போனார்கள். நாள் தள்ளத் தள்ள எனக்குச் சொல்வது கஷ்டமானது. இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பதினாலு மாதம் கழித்து ஒரு புதுக் கட்டடத்தில் லிஃப்டை ஒப்படைக்கும் நாள். கட்டட உரிமையாளர் முன்னால் சூப்பர்வைசர் அத்தான் தோளைத் தட்டி, "இவருதான் அந்த ஏழாம் நம்பர். எண்ணத் தெரியாம கோட்டை விட்டவரு. அதனால லிஃப்டத் தாங்குற ரோப்ப மட்டும் இன்னொரு ஆள வச்சு ஒரு தடவ எண்ணிப் பாத்துக்கலாம்" என்றார். உரிமையாளர் சிரித்தார், அத்தானும் சிரித்தார். இருபத்தாறு வருடமாக ஒரு ரோப்பில்கூடத் தப்பு விடாத மனிதர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எல்லோரும் கீழே போன பிறகு மெஷின் ரூமில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அவர் பிரேக் மூடியின் திருகுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், அன்னைக்கு தப்பு என்னோடது. முதல் சுத்து முடிஞ்சப்பதான் ஜி காட்டுனேன். நீங்க கேட்டப்பவும் சரின்னு கத்துனேன். நீங்க உள்ள வர்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. உங்களுக்கும் தெரியும்தானே?"

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. "தெரியும் மாப்ள. உன் மூஞ்சியப் பாத்ததுமே தெரியும். விடு."

"ஏன் அத்தான் பழிய நீங்க எடுத்துக்கிட்டீங்க?"

"உங்கக்கா உன்ன அங்கேயே வெட்டிப் போட்டிருப்பா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அதோடு முடிந்தது, இனி நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்தேன். அப்போது அவர் மோட்டார் மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து, கைத்துணியை மடியில் வைத்துக்கொண்டார்.

"முடிச்சிருப்பேன் மாப்ள" என்றார். குரல் உடைந்திருந்தது. "காலு அவ்ளோ நல்லா இருந்துச்சு. ஒரு மணி நேரம் கையில இருந்துருக்கும். ஓடக்கூட வேணாம், வேகமா நடந்தாலே போதும். முடிச்சிருப்பேன்."

ஐம்பதை நெருங்குகிற மனிதர் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு அழுதார். தான் எண்ணாமல் விட்டதாகச் சொல்லிவிட்ட ஒருவர் இதை யாரிடம் போய்ச் சொல்லியிருக்க முடியும்? அக்காவிடம் சொல்ல முடியாது, கம்பெனியில் சொல்ல முடியாது. அதைக் கேட்டுக்கொள்ள இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தான். அவன் பதினாலு மாதம் பக்கத்திலேயே ஸ்பானர் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தான்.