பதினேழாம் நம்பர் ரத்தம்

கேரளத்துக் காந்தலூரில் இருந்து ஜீப்பில் ஒரு மணி நேரம் மேலே ஏறினால் வருகிற அந்த ஏலக்காட்டில், சிசிலியின் வாய்க்குப் பயப்படாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவள் புருஷன் ஏசுதாஸ். அவருக்கு ஒரு காது கேட்காது. இன்னொருத்தி ரிஞ்சு. எஸ்டேட் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளான அதே லயத்தில் மூன்று வீடு தள்ளி இருக்கிறவள், பெரியமுத்துவின் மருமகள். குழாயடியில் இரண்டு பேரும் மோதிக்கொண்டால் மற்ற பெண்கள் குடத்தை ஓரமாக வைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

சிசிலி பிறந்ததும் அந்த லயத்தில்தான். மறையூரில் கன்னியாஸ்திரிகளிடம் தங்கி ப்ளஸ் டூ வரை படித்தாள். திரும்பி வந்ததும், வேலைக்குப் போகிற பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் எஸ்டேட் பிள்ளைக்காட்டில் ஆயா வேலை கிடைத்தது. பிள்ளைகளுக்கு ஊற்றுகிற பாலில் ஏன் இத்தனை தண்ணீர் என்று மேனேஜரின் முகத்துக்கு நேரே கேட்டாள். அந்த மாதமே வேலை போயிற்று. அதற்காக அவள் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டோம், அவ்வளவுதான் என்பாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பாலக்காட்டுப் பக்கத்து மருத்துவக் கல்லூரி ஒன்றிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். ஏலச்செடிக்கு மருந்தடிக்கிறவர்கள் உடம்பில் அந்த விஷம் எவ்வளவு ஏறுகிறது என்று ஓர் ஆராய்ச்சி. நாற்பது பேர், ஆளுக்கு மூன்று தடவை ரத்தம். ஜனங்களிடம் பேசி அழைத்து வரவும், பெயர் எழுதவும் தமிழ் தெரிந்த உள்ளூர் ஆள் வேண்டும். சிசிலியின் கழுத்தில் போட்டோ ஒட்டிய அட்டை தொங்கிற்று. லயத்தில் அவளுக்கு ‘ரத்தக்காரி’ என்று பெயர் வைத்தார்கள். பாட்டில் பாட்டிலாக விற்கிறாள் என்றும் பேச்சு. ரிஞ்சு அதைக் குழாயடியில் வைத்து நேராகவே கேட்டாள்.

“எங்க ரத்தத்தை எடுத்துட்டுப் போய் எவன்கிட்ட குடுக்குத நீ?”

“ஏட்டி, ஒன் ரத்தத்துல விஷம் இருந்தா டாக்டர் பேப்பர் வரும். பேப்பர் வந்தா மருந்தடியில இருந்து எடுத்துக் களையெடுப்புக்கு மாத்துவாங்க. வரலைன்னா என் மூஞ்சியில காறித் துப்பு. நான் பொறுப்பு,” என்றாள் சிசிலி.

அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் நாற்பது பேரும் கையை நீட்டினார்கள். திட்டிக்கொண்டே ரிஞ்சுவும் நீட்டினாள்.

ஆனால் நீட்டியது ரிஞ்சுவின் கை என்று எந்தத் தாளிலும் இல்லை. எஸ்டேட் கணக்கில் மருந்தடி ஆள் பெரியமுத்து. அவர் சரிவில் விழுந்து இடுப்பு போய், எழுந்து நடக்கவே ஆள் பிடிக்க வேண்டிய நிலையில் கிடக்கிறார். ஓய்வு பெறுகிற நாள் வரைக்கும் வருகைப் பதிவில் அவர் பேர் தினமும் விழ வேண்டும். நின்றால் ஓய்வுப் பணமும் போகும், லய வீட்டையும் காலி செய்யச் சொல்வார்கள். மகன் ஜெகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். ஆகவே மாமனார் பேருக்கு மருமகள் மருந்தடித்தாள். காலையில் சூப்பர்வைசர் ஜோமோன் ‘பெரியமுத்து’ என்று கூப்பிட்டால் ரிஞ்சு ‘இருக்கேன்’ என்பாள், அவனும் எழுதிக்கொள்வான். அங்கே பல வீட்டில் இப்படித்தான் நடக்கிறது. யாரும் யாரையும் காட்டிக் கொடுப்பதில்லை.

ஆராய்ச்சிக்காரர்கள் எஸ்டேட் ஆபீஸ் பட்டியலை அப்படியே வாங்கி நம்பர் போட்டார்கள். பதினேழாம் நம்பர் பெரியமுத்து, வயது ஐம்பத்தேழு. ரத்தம் எடுக்க வந்த லேப் பெண் குழாயில் நம்பரை ஒட்டினாளே தவிர முகத்தைப் பார்க்கவில்லை. சிசிலி பார்த்தாள். சொன்னால் ஒரு குடும்பம் தெருவுக்கு வரும். ரிஞ்சுவோடு ஆயிரம் சண்டை இருக்கட்டும், அந்தப் பாவத்தை மட்டும் அவள் செய்யமாட்டாள். பேசாமல் இருந்துவிட்டாள்.

இரண்டாம் சுற்று முடிந்ததும் டாக்டரம்மா போனில் சொன்னார். “சிசிலி, பதினேழு ரொம்ப மோசம். அந்தப் பெரியவரை இனி மருந்துப் பக்கமே விடக்கூடாது. மூணாவது தடவையும் இப்படியே வந்தா லெட்டர் குடுத்துடலாம். அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, ஆராய்ச்சி கெட்டுடும்.”

சிசிலி சொல்லவில்லை. ஆறு மாதம் சொல்லவில்லை. ரிஞ்சு ஊசியில் நூல் கோக்க முடியாமல் பக்கத்து வீட்டுக்காரியிடம் நீட்டுவதைப் பார்த்தாள். குடம் பிடிக்கிற விரல் நடுங்குவதைப் பார்த்தாள். காலையில் குழாயடிக்குப் பின்னால் போய் வாந்தி எடுப்பதையும் பார்த்தாள். ரத்தம் குறைச்சல் என்று எல்லாரும் சொன்னார்கள். பேப்பர் வந்துவிடும், பேப்பரோடு சொன்னால்தான் எடுபடும் என்று சிசிலி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மேனேஜரிடம் பாலுக்கு நியாயம் கேட்ட வாய்க்கு இந்த ஆறு மாதம் என்ன வந்ததோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

மார்ச்சில் மூன்றாம் சுற்று ரத்தமும் கீழே போயிற்று. இரண்டு வாரம் கழித்து பேப்பருக்குப் பதில் போன் வந்தது. கல்லூரியின் ஆராய்ச்சி ஆபீஸ் கிளார்க் ஷைஜு பேசினான். ஆராய்ச்சியை மூடியாயிற்று, பெயர் எழுதின பதிவேட்டை எடுத்துக்கொண்டு வரவேண்டும் என்றான்.

உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி, கொல்லங்கோடு என்று பஸ் மாறி மாறி அவள் போய்ச் சேர்ந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. ஷைஜு மலையாளம் கலந்த தமிழில் பதவிசாகத்தான் பேசினான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“சேச்சி, பழைய சிஸ்டத்தை நிறுத்திட்டாங்க. எல்லா ஆராய்ச்சியும் புதிய போர்ட்டல்ல ஏத்தணும், மார்ச் முப்பத்தொண்ணு கடைசித் தேதி. டாக்டர் ஏத்தல. தன்னால க்ளோஸ் ஆயிடுச்சு.”

“டாக்டரம்மா எங்க?”

“வேலையை விட்டு வெளிநாடு போயாச்சு. மூணு மெயில் அனுப்பினோம், பதிலே இல்ல.”

“அவங்க போனா போகட்டும். ரத்தம் குடுத்த நாப்பது பேரும் அங்கதான இருக்காங்க? அவங்களுக்கு யாரு மெயில் அனுப்புனா?”

ஷைஜு கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினான். எண்பத்தாறு ஆராய்ச்சிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே சிவப்பில் ‘மூடப்பட்டது’ என்று போட்டிருந்தது.

“இதுல வேலை முடிஞ்சு மூடுனது எது, பாதியில போட்டது எது?”

“எல்லாத்துக்கும் ஒரே வார்த்தைதான், சேச்சி.”

“மூணாவது ரத்தத்தோட ரிசல்ட்டு?”

“லேப்ல இருக்கலாம். மூடினதைத் திறக்க முடியாது. ஆட்களையும் இனி தொடர்புகொள்ளக் கூடாது. சேச்சியும்தான்.”

சிசிலி நாக்கை அடக்கிக்கொண்டு ஒரே ஒரு பேப்பர் கேட்டாள். ஒரு ஆளை மருந்தடியில் இருந்து மாற்றச் சொல்லி நாலு வரி. முடியாது என்றான். அப்புறம் மெதுவாக, பட்டியலில் ஒரு பேர் மாறியிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். ஷைஜுவின் பேனா நின்றது.

“அப்படி ஏதாவது உண்டா? எழுதிக் குடுங்க. எஸ்டேட்டுக்கு விசாரணை லெட்டர் போகும்.”

“ஒண்ணுமில்ல,” என்றாள் அவள். 

அவள் கண் முன்னாலேயே பதிவேட்டின் தாள்களைக் கிழிக்கிற மிஷினில் விட்டான். இது இங்கே நடைமுறை என்றான். அந்த நாற்பது பேரையும் வீடு வீடாகப் போய்க் கெஞ்சிச் சேர்த்தவள் அவள்.

“எங்க வாயை மூடவும் ஒன் கம்ப்யூட்டர்ல பட்டன் இருக்கா, தம்பி?” என்றாள். “மூணு வருஷம் ஊசி குத்துனீங்க. ஒருத்தராவது என்ன ஆச்சுன்னு கேட்டீங்களா? மாட்டுக்கு ஊசி போடுறவன்கூட மறுநாள் வந்து பாப்பான்.”

“இங்க ஒரு கையெழுத்து, சேச்சி,” என்றான் ஷைஜு.

திட்டியபடியே கையெழுத்தும் போட்டாள். அந்தக் கையெழுத்தை நினைத்து வழியெல்லாம் தன்னையே வைதுகொண்டு வந்தாள்.

மறுநாள் சாயந்தரம் ஊர் வந்து இறங்கியதும் ஜோமோனைப் பிடித்தாள். பெரியமுத்து பேரைக் களையெடுப்புக்கு மாற்றச் சொன்னாள். “டாக்டர் பேப்பர் வேணும். பேப்பர் போட்டா ஆபீஸ்ல ஆளைக் கொண்டுவான்னு சொல்லுவாங்க. கிடக்கிற ஆளை எப்படிக் காட்டுவ? அவரு ஓய்வு பெற இன்னும் எழுபத்தோரு நாள்தான், அது வரை பேசாம இரு,” என்றான் அவன். அவன் சொன்னதில் தப்பில்லை. அதனால் அவனை ஏசவும் முடியவில்லை.

அடுத்தது ரிஞ்சுவின் வீடு. ரிஞ்சு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“நாளையில இருந்து மருந்தடிக்குப் போகாதட்டி. ஒன் ரத்தம் கெட்டுக் கிடக்கு. திங்கக்கிழமை உடுமலைப்பேட்டையில டாக்டர்ட்ட போவோம்.”

“பேப்பர் எங்க?”

“பேப்பர் வராது. மூடிட்டாங்க.”

“அப்ப ஒனக்கு எப்படித் தெரியும்?”

“ரெண்டாவது தடவை எடுத்ததுலயே தெரிஞ்சிச்சு.”

“எப்ப?”

“அக்டோபர்ல.”

ரிஞ்சு விரலை மடக்கி எண்ணினாள். விரல் நடுங்கி இரண்டு தடவை கணக்குத் தவறியது. மூன்றாம் தடவை சரியாக வந்தது.

“ஆறு மாசம். தினமும் குழாயடியில என் மூஞ்சியப் பாத்துட்டு நின்ன. அத்தனை சண்டை போட்டியே, அதுக்கு நடுவுல இந்த ஒரு வார்த்தை ஒனக்கு வரலையா?”

சிசிலி, டாக்டரம்மா சொல்லாதே என்றார் என்று சொல்ல வாயெடுத்தாள். அது எவ்வளவு கேவலமாக இருக்கும் என்று அவளுக்கே தெரிந்தது.

“பேப்பர் வரலைன்னா காறித் துப்பச் சொன்னல்ல? நில்லு,” என்றாள் ரிஞ்சு. துப்பினாள். முகத்துக்குக் குறி வைத்தது தவறி, கழுத்தில் தொங்கிய அட்டையில் விழுந்தது. உள்ளே இருந்து பெரியமுத்து, “யாரும்மா அது?” என்று கேட்டார். “யாருமில்ல மாமா,” என்று சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் காலை பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் மருந்தடி ஆட்கள் கூடி நின்றார்கள். முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு ரிஞ்சு பின்வரிசையில் இருந்தாள். அவளுக்கு முன்னால் போய் சிசிலி நின்றாள். கழுத்தில் அட்டை இல்லை.

“பெரியமுத்து,” என்றான் ஜோமோன்.

“இருக்கேன்,” என்றாள் சிசிலி.

ஜோமோன் நிமிர்ந்து இரண்டு பேரையும் பார்த்தான். பிறகு குனிந்து எழுதிக்கொண்டான். சிசிலி மருந்துக் குழாயை எடுத்துத் தோளில் போட்டாள்.

“எங்க மாமா பேருக்கு நீ யாருடி?” ரிஞ்சு முன்னால் வந்தாள்.

“எழுபத்தோரு நாள். வீட்ல போய்ப் படு.”

“எழுபத்தோரு நாள் கழிச்சும் ஒன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்.”

“முழிக்காத. திங்கக்கிழமை டாக்டர்ட்ட மட்டும் வா.”

ரிஞ்சு தன் முகத்துத் துண்டை அவிழ்த்தாள். கையில் கொடுக்கவில்லை, சிசிலியின் மேல் வீசி எறிந்துவிட்டு லயத்தைப் பார்த்து நடந்தாள். சிசிலி அதை எடுத்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். ஆறு மாத மருந்து நாற்றம் அதில் அப்படியே இருந்தது.