மச்சானுக்கு ஒதுக்கிய அறை

ஒரு விடுகதை. எங்கள் ஆட்களின் வீடுகள் பலவற்றில் அது இருக்கிறது. கேட்டால் ஒரு வீட்டிலும் இல்லை. அது என்ன?

விடை: காலி அறை. லண்டனில் ஒரு உள்ளூராட்சிக் கவுன்சிலின் பிள்ளைகள் பிரிவில் அந்த அறைகளைத் தேடுவதுதான் என் வேலை. தாய் தகப்பனோடு இருக்க முடியாமல் போன பிள்ளைகளைத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்க்க ஆள் பிடிக்க வேண்டும். பிடித்த ஆளை விடாமல் வைத்திருக்கவும் வேண்டும். வீடு வீடாகப் போய் ஒன்றைக் கேட்டு, தேத்தண்ணி மட்டும் குடித்துவிட்டுத் திரும்பியவர்கள் யாராவது இருந்தால், இது உங்களுக்குத்தான்.

கோயில் வாசலில் ஒரு மேசை

தேர்த் திருவிழா அன்று கோயில் மண்டபத்துக்கு வெளியே மேசை போட்டிருந்தேன். வந்தவர்கள் இலவசப் பேனாவை எடுத்துக்கொண்டு துண்டுப்பிரசுரத்தை வைத்துவிட்டுப் போனார்கள். ஃபாரஸ்ட் கேட்டில் இருந்து வந்த ஒரு தம்பதி மட்டும் நின்றார்கள்: பரமு அண்ணை, யோகா அக்கா. அவர்களுடைய பிள்ளைகள் வளர்ந்து, வேலை கிடைத்து வெளியே போய்விட்டார்கள். நான் வழக்கம்போல "எந்த ஊர்?" என்று தொடங்கினேன். அது என் உத்தி. ஊரைக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் ஒரு சொந்தம் கிடைத்துவிடும். பிறகு மாட்டோம் என்று சொல்லக் கூச்சமாக இருக்கும். அன்றைக்கும் கிடைத்தது. யோகா அக்காவும் என் சித்தியும் ஒரே பள்ளிக்கூடம்.

மேல் அறை சும்மாதான் கிடக்கிறது என்றார் அக்கா. அண்ணை திருத்தினார்: "சும்மா கிடக்கேல்லை, தங்கச்சி. அது கனடாவில இருக்கிற என்ர மச்சானுக்கு. அவர் ஒருநாளும் வந்ததில்லை. ஆனா வந்தா?"

விசாரணை

அந்தப் பேச்சில் அக்காதான் வென்றார். பிறகு மாதக்கணக்கில் விசாரணை. தோட்டத்து வேலி எவ்வளவு உயரம், புகை அலாரம் வேலை செய்கிறதா, சண்டை வந்தால் யார் முதலில் கதைப்பது. எல்லாம் கேட்டு எழுதினேன். கடைசியாக ஒரு படிவம். வருகிற பிள்ளையின் குடும்பத்தைப் பற்றி வெளியே யாரோடும் கதைக்கக் கூடாது என்று அதில் ஒரு வரி. வாசித்துக் காட்டினேன். அக்கா கையெழுத்து வைத்துவிட்டுப் பேனாவை மூடினார். "இவருக்கு என்னைக் கட்டிக் குடுக்கேக்கை என்ர அப்பா இதில பாதி விசாரிச்சிருந்தாலும் நல்லா இருந்திருக்கும்."

கதவு

அவர்களிடம் வந்த பிள்ளை ஒன்பது வயதுச் சிறுமி. துளசி என்று வைத்துக்கொள்வோம். தாய் ஆஸ்பத்திரியில். அதற்குக் காரணம் தகப்பன். துளசி இருக்கும் இடம் அவருக்குத் தெரியக் கூடாது. முதல் மூன்று கிழமை வால்தம்ஸ்டோவில் மோரீன் என்ற ஐரிஷ் அம்மாவின் வீட்டில் இருந்தாள். மோரீன் நல்லவர், ஆனால் தமிழும் தெரியாது, புட்டும் தெரியாது. துளசி அங்கே வாயே திறக்கவில்லை. தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் வீடுதான் வேண்டும் என்று வாதாடி மாற்றியது நான்.

யோகா அக்கா வீட்டில் இரண்டாம் கிழமையே கதைக்கத் தொடங்கினாள். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னாள்: "இங்க கதவை மெல்லமாத்தான் சாத்துவினம்."

ஊர்

ஒரு நாள் தலை சீவி இழுத்துவிடும்போது அக்கா அவளிடம் "அம்மா எந்த ஊர்?" என்று கேட்டார். துளசி சொன்னாள். அக்காவின் ஊருக்குப் பக்கத்து ஊர். அப்படியென்றால் ஒரு பெரியம்மாவாவது இருப்பாள், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பிள்ளையைப் பார்க்கட்டும் என்று நினைத்து, அக்கா தெரிந்த ஒருவருக்கு போன் எடுத்தார். அவர் இன்னொருவருக்கு எடுத்தார். மூன்றாம் நாள் தோர்ண்டன் ஹீத்தில் இருந்து தகப்பன் வந்து வீட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்றார். ஒன்றும் செய்யவில்லை. நின்றார். துளசி ஜன்னலால் கண்டாள்.

அன்று பின்னேரமே அவளைத் திரும்ப மோரீனிடம் கொண்டுபோய் விட்டேன். மறுநாள், அக்கா கையெழுத்து வைத்த படிவத்தை அவர் முன்னால் வைத்தேன். அக்கா அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "ஊர் கேக்காம ஒரு பிள்ளையோட எப்பிடித் தங்கச்சி கதைக்கிறது? நீங்களும் என்னட்ட அதைத்தானே முதல் கேட்டனீங்கள்."

விருப்பம்

தகப்பன் பிள்ளைக்குக் கிட்ட வரக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. துளசி திரும்பி வருவதென்றால் வீடு மாறவும் தயார் என்றார்கள் அண்ணையும் அக்காவும். முடிவெடுக்க முன்பு பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டு எழுத வேண்டும். யோகா அக்கா தந்துவிட்ட புட்டோடு வால்தம்ஸ்டோ போனேன். மோரீன் கதவைத் திறந்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். துளசி புட்டு முழுவதையும் சாப்பிட்டாள். பிறகு கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "யோகா அன்ரி நல்லவ. ஆனா மோரீன் ஒண்டும் கேக்கிறேல்லை."

யோகா அக்கா, பிள்ளைகளை வைத்துப் பார்ப்போர் பட்டியலில் இருந்து தன் பெயரை எடுத்துவிட்டார், நான் ஊர் கேட்டுப் பிடித்த அறை திரும்பவும் வராத மச்சானுக்கே போய்விட்டது, துளசி மோரீனின் வீட்டைத் தெரிவு செய்தாள்.