ஜானி பாஷாவின் வலது மணிக்கட்டு

வலது மணிக்கட்டில் இடது கை விரல்களை வைத்து அழுத்துகிறார். ஒன்றும் துடிக்கவில்லை. கை மாற்றி இடது மணிக்கட்டில் வைக்கிறார், அங்கே துடிக்கிறது. "உசுரு இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தேரடித் தெரு வளையல் கடையின் விளக்கைப் போடுகிறார் ஜானி பாஷா.

ஊரில் பாதிப் பெண்களின் கை அவருக்கு மனப்பாடம். பார்த்த மாத்திரத்தில் அளவு சொல்வார். எடுத்த வளையலைத் திரும்ப வைத்துவிட்டுப் பெரியதை எடுப்பதென்றால் மானமே போன மாதிரி. கை கன்றி நாம் "ஆ" என்றால், "கொஞ்சம் பொறுத்துக்கம்மா, இதோ ஏறிடும்" என்பார். ஏறியும் விடும். என் கல்யாணத்துக்கு முதல் நாள் என்னை அழவைத்த மனிதர். ஆனாலும் அவரிடமேதான் போவேன்.

போன ஆடியில், நாள் குறித்துக்கொண்டு சென்னைக்குப் போய் இதயக் குழாய் அடைப்பைச் சரிசெய்துகொண்டார். மணிக்கட்டு வழியாகத்தான் குழாய் விட்டார்கள். இதயம் தேறிவிட்டது. குழாயை உருவியதும் ரத்தம் கசியாமலிருக்க, காற்றடைத்த பிளாஸ்டிக் பட்டை ஒன்றை மணிக்கட்டில் இறுக்கினார்கள். "ஊருக்கே போட்டவனுக்கு இன்னிக்கு ஒரே ஒரு வளையல்" என்று மனைவி ரஹமத்திடம் சிரித்தாராம். விரல் மரத்தால் சொல்லச் சொல்லியிருந்தாள் நர்ஸ். மரத்தது. நீலம் பாரித்தது. மனிதர் வாயைத் திறக்கவில்லை.

"எத்தினி பொம்பளைங்கள பொறுத்துக்கன்னு சொல்லியிருக்கேன்! நான் மட்டும் கத்துனா நல்லாவா இருக்கும்?"

பட்டையைக் கழற்றியபோது அங்கே நாடி துடிக்கும் ரத்தக்குழாய் அடைபட்டுப் போயிருந்தது. சுண்டு விரல் பக்கம் இன்னொரு குழாய் இருக்கிறது, கைக்கு அது போதும் என்றார் டாக்டர். இவருக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. "நாடி இல்லாத கைய எப்டிம்மா நம்பறது? பிடி நழுவி கண்ணாடி கிழிச்சிட்டா?" என்று வளையலைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, வீட்டில் போட்டுக்கொள்ளச் சொல்லிவிடுவார். இனிமேல் இந்தக் கை யாருக்கும் வளையல் போடாதோ என்று எனக்கே தோன்றிவிட்டது.

நேற்று என்னோடு வளைகாப்புக்கு வளையல் எடுக்க வந்த என் தங்கை உண்ணாமலை, காகிதப் பொட்டலத்தை வாங்கவில்லை. "நீங்க போட்டா போடுங்க பாய். இல்லன்னா எனக்கு வேணாம்" என்று கையை நீட்டியபடியே நின்றாள்.

"போடுங்களேன்" என்றார் உள்ளேயிருந்த ரஹமத்.

வலது கையைக் கைலியில் துடைத்துக்கொண்டார். மாசமானதால் வீங்கியிருந்த அவள் விரல்களைச் சேர்த்துப் பிடித்தார். பிடி நடுங்கவில்லை. பச்சை வளையல் பெருவிரல் மூட்டில் வந்து நின்றது. உண்ணாமலை பல்லைக் கடித்துக்கொண்டாள், சத்தம் போடவில்லை. வழக்கமான வார்த்தை வரட்டும் என்று காத்திருந்தேன்.

"வலிக்குதாம்மா? வாயத் தொறந்து சொல்லும்மா" என்றார்.

அவள் ஆமென்று தலையாட்டினாள். வளையலை மெல்லப் பின்னுக்கு உருவி, இருந்த இடத்தில் வைத்துவிட்டு, ஒரு அளவு பெரியதை எடுத்தார்.